ஒப்புருவாக்க மறுஓட்டம்

ஒப்புருவாக்க மறுஓட்டம் என்பது, ஓர் அமைப்பின் கணினி மாதிரியுருவை, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பலமுறை இயக்கி, அவ்வமைப்பைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் முறை ஆகும். சிமுலேசன் என வழக்கில் சொல்லப்படும் ஒப்புருவாக்கத்தில், ஒரே ஓட்டத்தின் விடை ஒரு நாள் மட்டும் நேரில் பார்த்து எழுதிய குறிப்புக்கு ஒப்பானது.

எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இல் (முன்னர் எண் 7) ராசாம்பாளையம் சுங்கச்சாவடி உள்ளது. அங்கு வண்டிகள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று அறிய வேண்டும் எனக் கொள்வோம். அடுத்தடுத்து வரும் வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரம், ஒரு வண்டியிடம் கட்டணம் பெற ஆகும் நேரம் ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும். இவற்றின் பரவல்களைக் கொண்டு கணினி கற்பனை வண்டிகளை உருவாக்கி வரிசையில் நிறுத்தும். பாஸ்டேக் 2021 பெப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்டதால், அதற்கு முன் எடுத்த கட்டண நேர அளவீடுகள் இதற்குப் பயன்படா.

ஏன் பல ஓட்டங்கள்?

ஓர் ஓட்டத்தில் ஆயிரம் வண்டிகள் கடந்தால் ஆயிரம் தரவுகள் கிடைத்துவிட்டதாகக் கருதுவது மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை. முன்னால் நிற்கும் லாரி தாமதித்தால் பின்னுள்ள வண்டிகள் அனைத்தும் தாமதிக்கும். அவற்றின் காத்திருப்பு நேரங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. சாராதவை என எண்ணிக் கணக்கிட்டால் பிழையளவு உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். அதை நம்பித் தேவையான தடம் ஒன்றை மூடிவிடவும் கூடும். எனவே ஓர் ஓட்டத்திலிருந்து ஒரே சராசரி மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், அச்சராசரிகளுக்கு வழக்கமான சூத்திரங்கள் பொருந்தும்.

கணக்கீடு

10 ஓட்டங்களின் சராசரிகளுக்குச் சராசரி 4.0 நிமிடம், திட்ட விலக்கம் 1.2 நிமிடம் எனக் கொண்டால் (இவை விளக்கத்துக்கான எண்களே), 95% நம்பிக்கை இடைவெளிக்கு 1.2 ஐ 10 இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262 ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.86, ஆகவே இடைவெளி 3.14 முதல் 4.86 வரை. 2.262 என்பது டி-பரவல் அட்டவணையில் உள்ள மதிப்பு. டப்ளின் கின்னசு மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கொசெட், 'சுடூடன்ட்' என்ற புனைபெயரில் 1908 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இப்பரவல் வளர்ந்தது. ஓட்டங்கள் போதிய அளவு இருக்கையில், இடைவெளியைப் பாதியாக்க அவற்றை ஏறக்குறைய நான்கு மடங்காக்க வேண்டும்.

சரிபார்த்தல்

இடைவெளி எவ்வளவு குறுகினாலும் அது மாதிரியுருவின் சராசரியையே காட்டும். உண்மையான சாவடியில் அளந்த காத்திருப்பு நேரத்துடன் அதை ஒப்பிட வேண்டும். இவ்வளவீடு மாதிரியுருவை அமைக்கப் பயன்படுத்தாத வேறொரு நாளுக்குரியதாக இருத்தல் நலம். காலியான வரிசையுடன் ஓட்டம் தொடங்குமாயின், தொடக்க நேரத் தரவுகள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. இல்லையேல் ஒவ்வோர் ஓட்டமும் காத்திருப்பைக் குறைத்தே காட்டும், அக்குறை ஓட்டங்களைக் கூட்டுவதால் நீங்காது.