வெயில் வைத்த புள்ளி, வெளிச்சம் எடுக்கும் புள்ளி

சென்ற வாரம் முகத்து மங்கு பற்றிப் பேசினோம். இந்த வாரம் கைக்கு வருவோம்.

ஏப்ரல் முதல் வாரம் கடந்ததும் பாலமுனையில் மத்தியான வெயில் நேர் உச்சியில் இறங்கும். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை. ஊர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொட்டால் அதை உச்ச அபாயம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வானம் தெளிந்த மத்தியானங்களில் நம் கரையில் அது சாதாரணம். கரைவலை இழுப்பவர், கருவாடு காயப் போடுபவர், வெள்ளாமைக்காரர் எல்லோருடைய புறங்கையும் வருடக்கணக்கில் இதைத் தாங்குகிறது. அபாயா போட்டு வெளியே போகும் பெண்களுக்கும் மணிக்கட்டுக்குக் கீழே மறைப்பில்லை. வேன் ஓட்டுபவரின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பக்கமிருக்கும் வலது கைதான் பெரும்பாலும் கூடக் கறுத்திருக்கும். பக்கக் கண்ணாடியை ஏற்றி விட்டாலும் புற ஊதாக் கதிரில் 'ஏ' வகை உள்ளே வந்துவிடும்.

நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு புறங்கையில் விழும் வெயில் புள்ளி தட்டையாக, பழுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். வலிக்காது, கடிக்காது. அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. என்னைக் கேட்டால், பெரும்பாலானோர் அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. ஆனால் கல்யாண வீட்டில் கையை முக்காட்டுத் தலைப்புக்குள் மறைக்கும் உம்மாமாரின் மனக்குறையைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியாது. ஒளிச் சிகிச்சை என்ற விளம்பரம் முதலில் பிடிப்பதும் அவர்களைத்தான்.

இந்தச் சிகிச்சையின் கதை லேசரில் தொடங்குகிறது. 1960இல் அமெரிக்காவில் தியடோர் மைமன் மாணிக்கப் படிகம் ஒன்றை வைத்து முதல் லேசரை ஒளிரச் செய்தார். சில வருடங்களுக்குள் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் சோதித்துப் பார்த்தார். பக்கத்துத் தோல் வேகாமல் புள்ளியை மட்டும் வேகவைப்பது எப்படி என்ற கேள்விக்குத் தெளிவான விடை 1983இல் வந்தது. அதைச் சொன்னவர்கள் ஹார்வர்டின் ரொக்ஸ் ஆண்டர்சனும் ஜோன் பரிஷும். நிறமி உறிஞ்சும் அலைநீளத்தைத் தெரிவு செய்ய வேண்டும். சூடு பக்கத்துக்குப் பரவுமுன் ஒளியை நிறுத்திவிட வேண்டும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் இந்த விதியில்தான் ஓடுகின்றன.

'ஐபிஎல்' என்று போர்டு போட்டிருக்கும் கருவி லேசர் அல்ல. செனன் விளக்கின் பளிச்சொளியை வடிகட்டி, சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரையான ஒளியை ஒன்றாக அனுப்புவது. கண்ணுக்குக் கவசம் போடுவார்கள். புறங்கையில் குளிர்ந்த ஜெல் பூசி, கருவியின் கண்ணாடி முனையைப் பதிப்பார்கள். ஒரு பளிச், ரப்பர் பட்டி சுண்டியது போல ஒரு சுள். புள்ளி முதலில் இன்னும் கறுத்து, மெல்லிய பொருக்காகி, ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும். முகத்தைவிடக் கை ஆற நாள் பிடிக்கும்.

வெள்ளைத் தோலில் இது அழகாக வேலை செய்கிறது. நம் தோலில்தான் சிக்கல். வெயிலுக்கு எப்படி மாறுகிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரிக்கும் அட்டவணையை தோமஸ் பிட்ஸ்பாட்ரிக் 1975இல் கொண்டுவந்தபோது அது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்ந்தவை. புள்ளியில் இருப்பதும் மெலனின் என்ற நிறமி, சுற்றியுள்ள நம் தோலில் இருப்பதும் மெலனின். ஒளி இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். அளவு கொஞ்சம் கூடினாலும் தோல் வேகும். புள்ளி போன இடத்தில் அதைவிடப் பெரிய கறுப்பு விழும், அல்லது வெள்ளை விழும். கறுப்பு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். வெள்ளை சில வேளை நிறம் திரும்பாமலே நின்றுவிடும்.

ஆகவே கருவி எது என்று கேட்பது உங்கள் உரிமை. லேசரிலும் 532 நானோமீட்டர் ஒளி புள்ளியை நன்றாகப் பிடிக்கும், பழுப்புத் தோலையும் சேர்த்துப் பிடிக்கும். 1064 ஆழமாகப் போவது, மேல்தோலுக்கு ஆபத்துக் குறைவு. எதுவானாலும் ஒரேயொரு புள்ளியில் சோதித்து, சில வாரம் பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். முதல் நாளே இரண்டு கைக்கும் அடித்து விடுகிறேன் என்று சொல்லும் இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

கையில் மருதோன்றி இருக்கும்போது இந்தச் சிகிச்சை செய்யவே கூடாது. அந்தச் சாயமும் ஒளியை உறிஞ்சும். கல்யாணத் திகதி வைத்த பிறகு அவசரமாக ஓடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புள்ளி போனாலும் வெயில் போகாது. காப்பு இல்லாவிட்டால் புள்ளி திரும்ப வரும். காலையில் பூசிய வெயில் தடுப்புக் கிறீம் லுஹருக்கு வுழூ எடுக்கும்போது கழுவிப் போகும், வெயில் கடுமையாக இருக்கும் நேரமும் அதுதான். தொழுது முடிந்ததும் மறுபடி பூச வேண்டும், அஸருக்குப் பிறகும் வெயிலில் வேலையிருந்தால் இன்னொரு தடவை. நான் அதிகம் நம்புவது துணிக் கையுறையை. மோட்டார் சைக்கிளுக்கும் வயலுக்கும் அது போதும், விலையும் மலிவு. பார்மசியில் சீட்டு இல்லாமல் வாங்கும் வெள்ளையாக்கும் கிறீமைத் தொடாதீர்கள். பாதரசமும் ஸ்டீரொய்டும் கலந்தவை அவற்றில் உண்டு. தோலை மெலிய வைப்பது ஸ்டீரொய்ட், சிறுநீரகத்தைக் கெடுப்பது பாதரசம்.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் முதலே சொல்லியிருக்க வேண்டும். கையிலுள்ள கறுப்பு எல்லாம் வெயில் புள்ளியல்ல. நம்மைப் போன்ற தோலில் கறுப்புப் புற்று (மெலனோமா) பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும், வெயிலோடு அதற்குத் தொடர்பில்லை. பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கண்டுபிடித்தது கால்விரல் நகத்தடியில்தான். 1981இல் 36 வயதில் இறந்துபோனார். புள்ளி வளர்ந்தால், ஓரம் கோணினால், ஒரே புள்ளியில் பல நிறம் தெரிந்தால், இரத்தம் கசிந்தால் அதன்மேல் ஒளி அடிக்கவே கூடாது. மேலே நிறம் மறையும், உள்ளே நோய் நிற்கும். பிறகு கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் உண்டு, பார்க்கக் காசு இல்லை. பியூட்டி பாலரில் முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அங்கே போய்க் கையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)