மதுரைக்கு எத்தனை எழுத்து?

‘மதுரை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்பீர்கள். பைத்தான் 2 என்ற கணிப்பொறி மொழியில் சாதாரண மேற்கோள் குறிக்குள் இச்சொல்லை இட்டு நீளம் கேட்டால், 15 என்று விடை வரும்! பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும். யூனிகோடு முறையில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு. பழையது பைட்டுகளை எண்ணுகிறது, புதியது குறியீடுகளை எண்ணுகிறது. (தமிழாசிரியர் இரண்டுக்கும் மதிப்பெண் தரமாட்டார்!)

அதனால்தான் பைத்தான் 2-க்கு எழுதிய நிரலை அப்படியே பைத்தான் 3-இல் ஓட்ட முடிவதில்லை. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பழையதற்கு ஆதரவு நின்றது. ஆனாலும் அதில் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி, மல்லிகைக் கணக்குக்கு அப்படியொரு நிரல் வைத்திருப்பதாகக் கொள்வோம். விலை ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்ட அவர் மகள் இன்னொரு நிரல் எழுதுகிறாள். அப்பாவின் நிரலிலிருந்து சில பகுதிகளை எடுத்தாள்வதால் அதுவும் பைத்தான் 2-இல்தான். இரண்டுக்கும் ‘நம்பை’ என்ற நூலகம் வேண்டும். இந்த நூலகத்தில் புத்தகங்கள் இல்லை. பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்தாளும் நிரல் தொகுப்பு இது. கணக்கு நிரலுக்குப் பழைய பதிப்புதான் ஒத்துவரும்; வரைபடத்துக்கோ சற்றுப் புதியது தேவை. ஒரே கோப்புறையில் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். மகள் புதியதை நிறுவ, பழையது சத்தமில்லாமல் அழிகிறது. விடியற்காலையில் பூ வந்து இறங்கும் நேரம், பில் வரவில்லை!

வழி என்ன? போடிக்கு 2010 இறுதி வரை மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. அதன் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ.; அகலப் பாதைக்கு 1676 மி.மீ. ஊர் ஒன்றே, பாதைகள் வேறு. 2007-இல் இயன் பிக்கிங் உருவாக்கிய ‘விர்ச்சுவல்என்வ்’ கணிப்பொறியில் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கோப்புறை. அதனதன் நூலகங்கள் அதனதனுள்.

அதோடு பதிப்பு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். வெறுமனே ‘நம்பை’ என்று கேட்டால், நூலகங்களைக் கொண்டுவரும் ‘பிப்’ மிகப் புதியதைத் தேடும். 9-க்கு முந்தைய பிப், அது பைத்தான் 2-இல் ஓடுமா என்றுகூடப் பார்க்காது. நம்பையில் 1.16 வரிசைதான் பைத்தான் 2.7-க்குக் கடைசி, 1.17 முதல் பைத்தான் 3 மட்டுமே. பிப்பும் 21.0 முதல் பைத்தான் 2-ஐக் கைவிட்டது. ஆகவே 20.3.4-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். தேவையான கோப்புகளை ஒருமுறை இறக்கித் தனியாகச் சேமித்துவிட்டு, அந்தக் கணிப்பொறியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். பைத்தான் 2-இல் இனி ஓட்டை தெரிந்தாலும், அதை உருவாக்கியவர்கள் அடைக்கப்போவதில்லை.