மலைநாட்டுக்கு ஏற்ற வாகனம்: மொபெட்டைத் தெரிவு செய்வதற்கான காரணங்கள்



"ஒப்பிட்டுக் காரணம் காட்டுக" என்று கட்டுரை வினா வரும்போது பலர் ஒரு பொருளை மாத்திரம் புகழ்ந்து எழுதிவிடுகின்றனர். அது விளம்பரமாகுமே தவிர விளக்கமாகாது. யாருக்கு, எந்தப் பாதையில், எந்தத் தேவைக்கு என்ற மூன்றுக்கும் விடை தருவதே விளக்கம். இதனை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம்.

ஹற்றன் நகரிலிருந்து 4 கிலோமீற்றர் தொலைவில், நகரை விட 200 மீற்றர் உயரத்திலுள்ள தோட்டப் பிரிவொன்றில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை லயத்தின் அருகே மரக்கறி பயிரிட்டு, வாரத்தில் 6 நாட்கள் நகரக் கடைகளுக்குக் கொண்டு செல்கிறார். இவர்கள் எதை வாங்குவது?

மொபெட் என்றால் என்ன?

மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களும் இணைந்து 1952 இல் சுவீடனில் உருவான பெயர் இது. தொடக்கத்தில் மிதிகட்டையும் சிறிய இயந்திரமும் சேர்ந்தே இருந்தன. இன்று மிதிகட்டை இல்லாத, கியர் மாற்றத் தேவையற்ற, எடை குறைந்த வண்டியையும் மொபெட் என்கிறோம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 இதற்கு உதாரணம்.

1. துவிச்சக்கரவண்டி ஏன் போதாது?

யாழ்ப்பாணத்தின் சமதரையில் துவிச்சக்கரவண்டி சிறந்த வாகனம். ஹற்றனோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்திலுள்ள மலைப்பிரதேசம். தந்தை 60, வண்டி 15, அரிசி மா முதலியன 15 என மொத்தம் 90 கிலோகிராம் எனக் கொள்வோம். இதனை 200 மீற்றர் உயர்த்த 90 × 10 × 200 = 180,000 யூல் வேலை செய்ய வேண்டும். 20 நிமிடத்தில் ஏறுவதானால் 150 வாற்று வலு தேவை. சாதாரண ஒருவர் தொடர்ந்து வழங்கக்கூடியது ஏறத்தாழ 75 முதல் 100 வாற்றே. ஆகவே அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு சேர்வார்.

2. மோட்டார் சைக்கிள் ஏன் அவசியமில்லை?

மோட்டார் சைக்கிளின் விலையும் எடையும் அதிகம். நாட்சம்பளத்தை நம்பிய வீட்டில் லீசிங் தவணை தவறினால் வண்டியும் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். மொபெட்டின் முன்பகுதி திறந்திருப்பதால் மரக்கறி மூட்டையை அங்கே வைக்கலாம். சேலை உடுத்தியவரும் எளிதாக ஏறலாம். எக்ஸ்.எல். 100 இன் இயந்திரக் கொள்ளளவு 99.7 சீ.சீ. ஆதலால், 100 சீ.சீ. வரையான வண்டிகளுக்குரிய ஏ1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் போதுமானது.

3. எரிபொருள்

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. தந்தையின் வாராந்தப் பயணம் 48 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் எனக் கொண்டால், ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படும்.

4. குறைகளையும் எழுதுக

மோட்டார் சைக்கிளில் கீழ் கியருக்கு மாற்றி இறக்கத்தில் வேகத்தை அடக்கலாம். மொபெட்டில் அவ்வாறு செய்ய முடியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். எனவே இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரத்துடன் இருவர் செல்வதானால் செங்குத்தான ஏற்றத்தில் இயந்திரம் திணறும். தினமும் நுவரெலியா வரை நெடுந்தூரம் செல்பவருக்கு மோட்டார் சைக்கிளே பொருத்தம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். சிறிய வண்டியென்றாலும் மொபெட் மோட்டார் வாகனமே. பதிவு, காப்புறுதி, தலைக்கவசம் அனைத்தும் அவசியம். 18 வயது நிரம்பாத நீங்கள் "கடை வரைக்கும்தானே" என்று எடுத்துச் செல்லலாகாது. மூடுபனி இறங்கிய வளைவில் எதிரே வரும் பஸ் உங்கள் வயதைக் கேட்பதில்லை.

நினைவிற்கொள்க: முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணம் தேடாதீர்கள். தேவையை முதலில் எழுதுங்கள். முடிவு தானாகவே வரும்.

பயிற்சி

1. மேற்கூறிய குடும்பம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தால் உமது முடிவு மாறுமா? காரணம் தருக.
2. உமது வீட்டுக்கு ஏற்ற வாகனம் எது என்பதை, அதன் குறை ஒன்றையும் சேர்த்து, 200 சொற்களில் விளக்குக.