சாயத் தொட்டியும் கடின நீரும்

நூலும் ஒன்று, சாயமும் ஒன்று. ஆயினும் ஒரு கிணற்று நீரில் தோய்த்த சிட்டம் சீராக நிறம் ஏற்க, வேறொரு கிணற்று நீரில் தோய்த்தது திட்டுத்திட்டாக அமைவதை அங்கத்தினர்கள் பலர் கண்டிருப்பர். இத்தகைய சிட்டம் தறிக்கு ஏறினால் நட்டம் சங்கத்தையே சாரும். சாயத்தின் மீது பழி சுமத்துமுன் நாம் நீரை ஆராய்தல் வேண்டும்.

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை. சோடியம் அணுவின் கருவில் நேர்மின்னூட்டமுள்ள 11 புரோட்டான்களும், வெளியே எதிர்மின்னூட்டமுள்ள 11 எலெக்ட்ரான்களும் உள்ளன. எலெக்ட்ரான் ஒன்றை இழந்தால் அது நேர்மின் அயனி ஆகிறது; குளோரின் அணு ஒன்றைப் பெற்று எதிர்மின் அயனி ஆகிறது. இவ்விரு அயனிகளின் கட்டே கறியுப்பு. நீரிலிட்டால் அவை பிரிந்து நீருடன் கலக்கின்றன. இதுவே கரைதல்.

கரைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனைக் கரைதிறன் என்பர். ஒரு லிட்டர் நீரில் சுமார் 360 கிராம் கறியுப்பு கரையும். சுண்ணாம்புக்கல்லோ சுமார் 14 மில்லிகிராமே கரையும்.

கடின நீரில் கால்சியம், மக்னீசியம் அயனிகள் மிகுதி. நூலின் மெழுகு நீங்கச் சோப்பிட்டு வேகவைக்கையில், கரையும் சோப்பிலுள்ள சோடியத்தின் இடத்தைக் கால்சியம் கவர்ந்து கரையாத பிசுக்கை உண்டாக்குகிறது. பிசுக்குப் படிந்த இடத்தில் சாயம் சீராக ஏறாது. சில சாயங்களும் கால்சியத்துடன் கூடி வண்டலாகிவிடும்.

இதனைச் சோதிப்பது எளிது. இரு புட்டிகளில் சம அளவாக மழைநீரும் கிணற்று நீரும் எடுத்து, சில துளி சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குக. நுரை குறைந்து தயிர்போல் திரிந்தால் அது கடின நீர். முன்னதாகவே சலவைச் சோடா கலந்து வைத்தால், கால்சியம் கரையாத சுண்ணாம்புப் பொடியாகி அடியில் தங்கும். தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். சோடாவின் அளவை நீர்ப் பரிசோதனைப்படி நிர்ணயிப்பதே முறை. மிஞ்சினால் காரம் சில சாயங்களைக் கெடுக்கும்.

சாயத் தொட்டியில் பகையான இக்கால்சியமே உழவர்க்கு நட்பாவதும் உண்டு. களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு நீர் தேக்கினால், மண்ணைப் பற்றிய சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றுகிறது. நல்ல வடிகால் இருப்பின் அது நீரோடு கரைந்து நீங்கும்.

ஆகவே, சாயப்பட்டறைக்குக் கிணறு தேர்கையிலும் களர் திருத்தக் கடன் கோருகையிலும், நீர், மண் பரிசோதனை அறிக்கையை நிர்வாகக் குழுவின் முன் வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.