கேள்வி எங்கே மறைந்திருக்கிறது? கிட் செயலிகளும் சாளர ஃபோகஸும்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய கிட், நிரல்களில் நிகழும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியாகும். கிட் ஜியூஐ, டார்ட்டாய்ஸ்கிட் போன்ற மேசைக்கணினிச் செயலிகளில் கமிட் அல்லது புஷ் பொத்தானை அழுத்திய பின் எதுவும் அசையாமல் நிற்கும்போது, பலரும் செயலி செயலிழந்துவிட்டதாகக் கருதி அதை வலிந்து மூடிவிடுகின்றனர். ஆனால் பல வேளைகளில் அச்செயலி, வேறொரு சாளரத்தின் பின்னால் மறைந்துள்ள கேள்விக்கு விடை வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறது.

தட்டச்சு செய்யும் எழுத்துகளைப் பெறும் உரிமை ஒரு நேரத்தில் ஒரு சாளரத்துக்கே உண்டு. அவ்வுரிமையே ஃபோகஸ் எனப்படுகிறது. கடவுச்சொல்லைக் கேட்கும் கிரெடென்ஷியல் மேனேஜர், கமிட்டில் மின்கையொப்பமிடுவதற்கான மறைசொல்லைக் கேட்கும் பின்என்ட்ரி ஆகியவை கிட் நேரடியாகவோ வேறொரு நிரல் வழியாகவோ அழைக்கும் தனி நிரல்களாதலால், அவற்றின் சாளரங்கள் முன்னே வருவதற்கு இயங்குதளத்தின் இசைவு தேவைப்படுகிறது. பின்னணியில் இயங்கும் நிரல் தானாக முன்னே பாய்வதை விண்டோஸ் பெரும்பாலும் தடுத்து, பணிப்பட்டையில் அதன் பொத்தானை மட்டும் மினுக்குகிறது. ஒரு சாளரத்துக்கென்று தட்டப்படும் கடவுச்சொல் இடையில் புகுந்த இன்னொன்றில் விழுந்துவிடக்கூடும் என்பதால், இத்தடை பயனரைக் காக்கும் ஏற்பாடாகும். அதை முடக்குவது தீர்வாகாது.

ஆகவே முதலில் ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தித் திறந்திருக்கும் சாளரங்களைப் பார்த்து, பின் டாஸ்க் மேனேஜரில் மேற்கண்ட துணை நிரல்கள் இயங்குகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும். விடை கிடைக்காவிடில், கிட் ட்ரேஸ் என்னும் சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைத் தந்து அதே கட்டளையை டெர்மினலில் இயக்கினால், கிட் இறுதியாக அழைத்த நிரல் எதுவென்று தெரியவரும்.

கமிட் செய்தியை எழுத விஎஸ் கோட் அமைக்கப்பட்டிருந்தால், 'வெயிட்' என்னும் தெரிவு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லையெனில், எழுதி முடிக்குமுன்பே எடிட்டர் கட்டுப்பாட்டைத் திருப்பித் தந்துவிடுவதால், செய்தி வெறுமையாக உள்ளதென்று கிட் கமிட்டைக் கைவிடுகிறது. அது இருந்தால், அந்தக் கோப்பு மூடப்படும்வரை கிட் காத்திருக்கும்.

செயலியை நடுவில் வலிந்து மூடினால் சில வேளைகளில் 'இண்டெக்ஸ்.லாக்' என்னும் பூட்டுக்கோப்பு எஞ்சி, அடுத்த செயலையும் தடுக்கும். வேறெந்தக் கிட் நிரலும் இயங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை நீக்கலாம். எஸ்எஸ்ஹெச் வழியாக இணைவோர், தம் சாவியை எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் ஒருமுறை சேர்த்துவைத்தால், ஏஜென்ட் இயங்கும்வரை அச்சாவிக்கான மறைசொல் மீண்டும் கேட்கப்படுவதில்லை. கேள்வியே எழாதபோது அது மறையும் சிக்கலும் எழுவதில்லை.