இறாலை எடுத்துவிட்டாலும் குழம்பில் இருப்பது என்ன?

நொச்சிக்குப்பத்தில் இறால் வாங்கி வந்து குழம்பு வைத்தாயிற்று. வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். “உனக்கு இறால் வேண்டாம்டா கண்ணா, குழம்பு மட்டும் ஊத்திக்கோ” என்று பாசமாகப் பரிமாறுகிறார் பாட்டி. நன்றாகக் கொதித்துவிட்டதே, என்ன ஆகிவிடும் என்ற நம்பிக்கை. ஆபத்தே அதில்தான்.

இறால் அலர்ஜிக்கு முக்கியக் காரணம், அதன் தசையில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதம். கொதித்த பிறகும் அலர்ஜியைக் கிளப்பும் குணம் இதற்குப் போகாது. போதாக்குறைக்கு, தண்ணீரில் கரையும். இறாலை ஒதுக்கினாலும் புரதம் குழம்பில் இறங்கியிருக்கும்.

இதைக் கண்டறிந்ததில் நம்மவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி.சுப்பாராவ் குழுவினர், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, நம் கடலில் கிடைக்கும் வெள்ளை இறாலிலிருந்து சூட்டுக்கு அசராத அலர்ஜிப் பொருள்களை 1989-ல் பிரித்தெடுத்தார்கள். அதில் முக்கியமானது டிரோபோமயோசின் என்று 1993-ல் உறுதியானது.

சரி, ஒரு பாக்கெட் உணவில் இது துளியூண்டு கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் ‘நானோ லிக்விட் குரோமட்டோகிராபி - மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி’. பெயர்தான் பயமுறுத்தும். உணவிலிருந்து புரதத்தைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக்குகிறார்கள். அந்தத் துண்டுகளைத் தலைமுடி அளவே உள்விட்டம் கொண்ட, சுமார் 75 மைக்ரான் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். வேகம், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் அளவுதான். இந்தக் கணக்கில் ஒரே ஒரு மில்லிலிட்டர் ஓடி முடிய இரண்டு நாளுக்கு மேல் ஆகும்!

ஏன் இவ்வளவு மெதுவாக? ஒரு சிட்டிகை உப்பை அண்டாத் தண்ணீரில் போட்டால் கரிக்காது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் நாக்கு சுருங்கும். அதே கதைதான். திரவம் குறையக் குறைய, கொஞ்சமே இருக்கும் புரதமும் பளிச்சென்று தெரியும்.

குழாயின் முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், திரவம் மின்னூட்டமுள்ள சாரலாகத் தெறிக்கும். பெரிய புரதங்களுக்கும் இந்த உத்தி பலிக்கும் என்று காட்டிய ஜான் ஃபென், 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறகு, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு, உடைத்து, மறுபடி எடைபோடும். கைரேகை மாதிரி, இது இறாலுடையது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பாக்கெட் உணவில் இறால், நண்டு வகைகள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதி. ஆனால் வறுவல் கடைக்கு ஏது லேபிள்? இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரியும். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மீன் அலர்ஜிக்குக் காரணமான முக்கியப் புரதம் வேறு. அதனால் இறால் சேராதவர்களில் பலருக்கு வஞ்சிரம் சேரும். நண்டு அப்படியில்லை, அதில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே டிரோபோமயோசின். எது சேரும் என்பதை வீட்டில் சோதிக்காமல் அலர்ஜி மருத்துவரிடம் கேளுங்கள். மீன் வாங்கும்போது, இறால் உரித்த பலகையையும் கத்தியையும் கழுவிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டபின் மூச்சுத்திணறலோ, தொண்டை அடைப்போ, மயக்கமோ வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.