தாய் வீட்டுக்குப் போகும் வழி!

டிசம்பர் மாதம். பொழுது இன்னும் விடியவில்லை. நல்ல குளிர்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், லாரெடோ என்று ஓர் ஊர். அங்கே கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான கார்கள்! ஒவ்வொரு காரின் மேலும் மூட்டை முடிச்சுகள். தம்பி மகனுக்கு சைக்கிள், அம்மாவுக்குக் கம்பளி, தங்கைக்குத் துணிமணி.

அவர்கள் எல்லாரும் மெக்சிகோ நாட்டுக்காரர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சொந்த ஊர் போகிறார்கள்.

சொந்த ஊருக்குப் போக இத்தனை கூட்டம் எதற்கு? தனித்தனியாகப் போகக் கூடாதா?

போகலாம். ஆனால் பயம்!

பயம் வந்தது எப்படி?

லாரெடோவை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோ. முதலில் வருவது தமௌலிபாஸ் மாநிலம். போதைப் பொருள் கடத்தும் கூட்டங்களின் கொடுமைக்குப் பேர்போன இடம் அது.

2006 டிசம்பரில், அப்போதைய ஜனாதிபதி கால்டரோன், இந்தக் கூட்டங்களை ஒடுக்க ராணுவத்தை அனுப்பினார். கூட்டங்கள் ஒடுங்கவில்லை. தலைவன் பிடிபட்டால் கூட்டம் இரண்டாக உடைந்தது. உடைந்த கூட்டங்கள் ஒன்றோடு ஒன்று மோதின. நடுவில் சிக்கித் தவித்தவர்கள் ஏழை மக்கள்.

2010 ஆகஸ்டு மாதம், தமௌலிபாசில் சான் பெர்னாண்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் 72 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமெரிக்காவுக்கு வேலை தேடிப் புறப்பட்ட ஏழைகள் அவர்கள். மறு ஆண்டு அதே வட்டாரத்தில் பஸ்களை மறித்து, பிரயாணிகளை இறக்கிக் கொண்டு போனார்கள். புதைகுழிகளைத் தோண்டியபோது 190 உடல்களுக்கு மேல் கிடைத்தன.

2018 முதல் 2023 வரை, ஆண்டுதோறும் 30 ஆயிரம் பேருக்கு மேல் கொலையுண்டனர். காணாமல் போனவர்களின் அரசாங்கப் பட்டியல் 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஆகவே, இது வீண் பயம் அல்ல. நியாயமான பயம்தான்.

நாடு முழுவதும் ஒன்றா?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மெக்சிகோ சிறிய நாடு அல்ல. பரப்பில் இந்தியாவில் பாதிக்கு மேல் இருக்கும். 31 மாநிலங்கள், தலைநகரம் வேறு.

அமெரிக்க அரசாங்கம் தன் மக்களுக்கு மாநிலம் மாநிலமாகப் பிரித்துத்தான் எச்சரிக்கை கொடுக்கிறது. 2024-ல் ஆறு மாநிலங்களுக்குப் "போகவே வேண்டாம்" என்றது. கொலிமா, கெரேரோ, மிச்சோவகான், சினலோவா, தமௌலிபாஸ், சகதேகாஸ் ஆகியவை அந்த ஆறு. அதே ஆண்டில் யுகடான், கம்பேச்சே என்ற இரண்டு மாநிலங்களுக்கு, "வழக்கமான எச்சரிக்கை போதும்" என்றது.

யுகடானில்தான் மாயா மக்கள் கட்டிய புகழ் பெற்ற சிச்சென் இட்சா கோபுரம் இருக்கிறது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி. உச்சியில் ஒரு படி. ஆக மொத்தம் 365! ஆண்டின் நாட்கள் அத்தனை!

லாரெடோ எல்லைக்கும் யுகடானுக்கும் எவ்வளவு தூரம்? மிக நீண்ட தூரம். டில்லியில் கலவரம் என்றால் சென்னையில் கதவைச் சாத்துவார்களா?

இதை உணர்ந்தவர்கள் திரும்பவும் போகிறார்கள். 2024-ல் மெக்சிகோவுக்கு வந்து தங்கிய வெளிநாட்டுப் பிரயாணிகள் ஏறத்தாழ நாலரைக் கோடிப் பேர்!

தனி மரம் தோப்பாகுமா?

உல்லாசப் பிரயாணி நல்ல மாநிலமாகப் பார்த்துப் போகலாம். விமானத்தில் பறந்து போகலாம். ஆனால் காரில் தாய் வீடு போகிறவன் என்ன செய்வான்? வீடு இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? வழியில் தமௌலிபாஸ் குறுக்கே நிற்கிறதே!

அதற்குத்தான் இந்தக் கார் ஊர்வலம். முன்பே பேசி வைத்து, குறித்த நாளில் லாரெடோவில் கூடுகிறார்கள். விடியும் முன் பாலத்தைத் தாண்டுகிறார்கள். ஆபத்தான பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிறார்கள். வழியில் ஒரு கார் பழுதானால் மற்றவர்கள் உதவுகிறார்கள். தேசியக் காவல் படையும் துணைக்கு வருகிறது.

கொள்ளைக்காரன் மட்டுமா தொல்லை? சாமான்களைப் பார்த்துவிட்டுக் கை நீட்டும் அதிகாரிகளும் உண்டு. அந்தக் குறை பெரிதானதால், 1989-ல் மெக்சிகோ அரசாங்கமே "பைசானோ" என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பைசானோ என்றால் "நம் ஊர்க்காரர்" என்று பொருள்.

பச்சைத் தேவதைகள்

ரோட்டில் வண்டி நின்றுவிட்டால்? அதற்கும் வழி உண்டு. 1960 முதல் "பச்சைத் தேவதைகள்" என்ற அரசாங்கப் படை இருக்கிறது. பச்சை வண்டியில் மெக்கானிக் வருவார். பழுது பார்க்கக் கூலி கிடையாது. சாமான் விலை மட்டும் கொடுத்தால் போதும். 078 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஆபத்து என்றால் 911.

அடிக்கடி போய் வருகிறவர்கள் சில பழக்கங்களை விடுவதில்லை. இரவில் கார் ஓட்ட மாட்டார்கள். சுங்கம் கட்டும் பெரிய ரோட்டை விட்டு இறங்க மாட்டார்கள். விமான நிலையத்தில், உள்ளேயே சீட்டு வாங்கித்தான் டாக்சி ஏறுவார்கள். நகைகளை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். எந்த ஊரில், எப்போது இருப்போம் என்பதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி வைப்பார்கள்.

இத்தனை செய்தும் ஆபத்தே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

காத்திருக்கும் கண்கள்

ஊர்வலங்களில் ஒன்று, கெரேதாரோ மாநிலத்தின் மலைப் பகுதியில் உள்ள ஹால்பான் என்ற ஊருக்குப் போகிறது. பகல் முழுவதும் ஓட்டம். ஊர் வந்து சேருகிறவர்களுக்கு அங்கே வரவேற்பு விழாவே நடக்கிறது.

பிறகு கார்கள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் தன் தன் கிராமத்தைப் பார்த்துத் திரும்புகிறது. எத்தனையோ வீட்டு வாசலில் வயதான தாய் நிற்கிறாள். மகனை அவள் ஆண்டுக்கு ஒரு முறைதான் பார்க்கிறாள்.

பயந்து மகன் அங்கேயே நின்றிருந்தால், அந்த ஒரு முறையும் இல்லை!